நிர்வாகம் (வைணவ உரைமரபு)

நிர்வாகம் என்பது ஆழ்வார்கள் பாடிய நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் உரைகளில் வழங்கும் கலைச்சொல். ஒரு பாசுரத்துக்கோ ஒரு சொல்லுக்கோ குறிப்பிட்ட ஆசாரியர் ஒருவர் பொருள்கொண்ட முறையை இது குறிக்கும். இச்சொல் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. ஆளவந்தார் நிர்வாகம், எம்பெருமானார் நிர்வாகம், பட்டர் நிர்வாகம் என்று, பொருள் சொன்னவரின் பெயரோடு சேர்ந்தே வரும். ஒரே அடிக்கு இரண்டு மூன்று நிர்வாகங்கள் அடுத்தடுத்துத் தரப்படுவதும், பழையதை விலக்காமலே புதியது சேர்க்கப்படுவதும் இம்மரபின் இயல்பு.

இதனோடு சேர்த்து அறிய வேண்டிய சொற்கள் சில உண்டு. பதவுரை என்பது சொல்லுக்குச் சொல் தரும் நேர்ப்பொருள். அவதாரிகை என்பது பாசுரத்துக்கு முன் வரும் முன்னுரை. ஐதிஹ்யம் என்பது ஆசாரியர் வாழ்வில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் செய்தி. அகத்துறைப் பாசுரங்களில் தலைவி, தோழி, தாய் பேசுவதாக அமைந்த வெளிப்பொருளை அந்யாபதேசம் என்பர். அதனுள் வைத்துக் காணும் சமயப் பொருளை சுவாபதேசம் என்பர். மறைநூலின் நேர்ப்பொருளுக்கும் படிப்பவர் உள்ளத்தில் தோன்றும் பொருளுக்கும் உள்ள உறவை இம்மரபு எப்படிக் கையாண்டது என்பதை இச்சொற்களின் வரலாறு காட்டுகிறது.

முன்னைய பின்னணி

மறைமொழிக்குப் பொருள் உண்டா என்ற கேள்வியே மிகப் பழையது. மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்ற கௌத்சரின் கருத்தை யாஸ்கர் தம் நிருக்தத்தில் எடுத்துக்கூறி மறுக்கிறார். மீமாம்சை நூலுக்கு உரை செய்த சபரர், உலக வழக்கில் ஒரு சொல்லுக்கு என்ன பொருளோ அதையே வேதத்திலும் கொள்ள வேண்டும் என்று தொடங்குகிறார். நேர்ச்சொல், குறிப்பு, வாக்கியம், சூழல், இடம், பெயர் என்று ஆறு அளவைகளை அந்நூலின் ஆசிரியரான ஜைமினி வகுத்தார். இவை மோதும்போது முன்னது பின்னதை வெல்லும். ஆகவே நேர்ச்சொல்லுக்கே முதலிடம்.

வேதாந்திகளிடம் இக்கேள்வி கூர்மையடைந்தது. சாந்தோக்கிய உபநிடதத்தின் ‘தத் த்வம் அஸி’ என்ற மூன்று சொற்களில் அத்வைத ஆசிரியர்கள் இலக்கணைப் பொருள் கண்டனர். இலக்கணை இல்லாமலே, உடல் உயிர் உறவால், நேர்ப்பொருளிலேயே வாக்கியம் பொருந்தும் என்றார் இராமானுசர். மத்வரோ புணர்ச்சியை வேறு விதமாகப் பிரித்து ‘அதத்’ என்று எதிர்மறையாகப் படித்தார். மூவர் வழியினரும் தத்தம் பொருளே மூலத்துக்கு உரியது என்றனர்.

தமிழில் தொல்காப்பியம் உள்ளுறை உவமம், இறைச்சி என்னும் கருத்துகளைத் தந்தது. உள்ளுறை உவமத்துக்குக் கருப்பொருளில் தெய்வம் ஒழிந்தவையே களம் என்பது அதன் விதி. பிற்கால வைணவ உரைகளில் அதே கருப்பொருள்களான பறவையும் மேகமும் மலரும் தெய்வத்தையும் குருவையும் நோக்கித் திரும்பின. இந்தத் திருப்பம் தமிழ் இலக்கணத்திலிருந்து வளர்ந்ததா, வடமொழி வேதாந்தத்திலிருந்து வந்து சேர்ந்ததா என்பதில் ஆய்வாளரிடையே ஒத்த கருத்து இல்லை.

சைவத்தில் திருமுறைகளுக்கு இத்தகைய தொடர் உரைமரபு அக்காலத்தில் அமையவில்லை. பேராசிரியர் உரை பெற்ற திருக்கோவையார் முதன்மையான விலக்கு.

வாய்மொழிக் காலம்

பிரபந்தத்தைத் தொகுத்தவராக மரபு போற்றும் நாதமுனிகளின் காலம் பொதுவாக 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வைக்கப்படுகிறது. அவர் காலம் முதல் யாமுனர் எனப்படும் ஆளவந்தார் காலம் வரை பாசுரப் பொருள் ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் செவிக்குச் சென்றது. எழுதப்பட்ட உரை எதுவும் இக்காலத்திலிருந்து கிடைக்கவில்லை. ஆளவந்தாரின் பொருள்கொள்ளும் முறை பின்னாளைய உரைகளில் அவர் பெயரால் வரும் நிர்வாகங்கள் வழியாகவே தெரியவருகிறது.

திருமாலையாண்டானும் எம்பெருமானாரும்

நிர்வாக வேறுபாட்டுக்கு மரபே முதன்மைச் சான்றாகச் சொல்லும் நிகழ்ச்சி, எம்பெருமானார் எனப்படும் இராமானுசர் (மரபுவழிக் காலம் 1017–1137) நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்ட காலத்தில் நடந்தது. அவருக்குப் பொருள் சொன்னவர் ஆளவந்தாரின் மாணவரான திருமாலையாண்டான்.

இரண்டாம் பத்தின் மூன்றாம் பதிகத்தில் ஒரு பாசுரம். தொண்டில் அன்பு பிறப்பித்ததும், அறியாமையாகிய மாயையில் வைத்ததும் என இரு செய்திகள் அதில் உள்ளன. அறிவைத் தந்துவிட்டுப் பின்னும் இவ்வுடலோடு கட்டிவைத்தாயே என்று ஆழ்வார் முறையிடுவதாக ஆண்டான் பொருள் சொன்னார். சொற்கள் நிற்கும் வரிசைக்கு அது ஒத்த பொருள்தான். இராமானுசரோ அந்தப் பதிகம் முழுவதும் இறைவனோடு கலந்த மகிழ்ச்சியைப் பேசுவதைச் சுட்டினார். முன்னும் பின்னும் நன்றி பொங்க, நடுவில் ஒரு முறையீடு பொருந்தாது என்பது அவர் கருத்து. அடிகளைக் கொண்டுகூட்டி, அறியாமையில் கிடந்த காலத்திலேயே தொண்டில் அன்பு பிறப்பித்தாயே என்று நன்றிச் சொல்லாக அவர் படித்தார். ஒரு சொல்லும் மாறவில்லை. சொற்கள் ஒன்றையொன்று தழுவும் முறை மட்டுமே மாறியது.

தாம் ஆளவந்தாரிடம் கேட்டறியாத பொருள் இது என்று ஆண்டான் வருந்தி, இதை விசுவாமித்திரர் படைத்த புது உலகத்துக்கு ஒப்பிட்டு, பாடத்தை நிறுத்திவிட்டார். ஆளவந்தாரின் மற்றொரு மாணவரான திருக்கோட்டியூர் நம்பி திருவரங்கத்துக்கு வந்து, இதே பொருளை ஆளவந்தாரிடம் தாம் கேட்டதுண்டு என்று சொன்ன பிறகே பாடம் மீண்டும் தொடங்கியது. பின்னும் ஒருமுறை இதுபோல் நேர்ந்தபோது, ஆளவந்தாரை நேரில் கண்டிராத உமக்கு அவர் கருத்து எப்படித் தெரியும் என்று ஆண்டான் வினவ, துரோணருக்கு ஏகலைவன்போல் ஆளவந்தாருக்குத் தாம் என்று இராமானுசர் விடை சொன்னதாகக் குருபரம்பரை நூல்கள் கூறும்.

இந்நிகழ்ச்சியில் இருவருமே மரபின் பெயரால்தான் பேசுகிறார்கள். காதால் கேட்டது மரபு என்கிறார் ஆண்டான். கேளாமலே ஆசிரியரின் உள்ளத்தை அடைவதும் மரபு என்கிறார் இராமானுசர். நம்பியின் சான்று இரண்டையும் இணைத்துவைக்கிறது. உண்மையில் நடந்ததா, பின்னாளில் புது நிர்வாகங்களுக்கு இடம் தருவதற்காக அமைந்த கதையா என்பது விவாதத்துக்குரியது. எப்படியாயினும், பின்வந்த உரைகள் ஆண்டானின் பொருளை அழித்துவிடவில்லை. அவர் பெயரோடு அது இன்றும் உரையில் நிற்கிறது.

இராமானுசர் பாசுரங்களில் ஆழ்ந்திருந்த விதம் குறித்தும் செய்திகள் பல. உள்ளே உலாவிக்கொண்டே ஒரு பாசுரத்தைச் சிந்தித்திருந்தவர் சட்டெனத் திரும்பினாராம். அந்தத் திருப்பத்தைக் கதவுத் துளை வழியே கண்ட அவருடைய மாணவர் எம்பார், திருமாலிருஞ்சோலைப் பாசுரமோ என்று கேட்டாராம். திருப்பாவையின் பதினெட்டாம் பாட்டை ஓதியபடி தம் ஆசிரியர் பெரிய நம்பியின் வீட்டு வாயிலில் நின்றபோது நம்பியின் மகள் அத்துழாய் கதவைத் திறக்க, அப்பாட்டில் எழுப்பப்படும் நப்பின்னையே வந்ததாக எண்ணி இராமானுசர் மயங்கி விழுந்தார் என்பதும் இவ்வகையில் சேரும். அவருக்குத் திருப்பாவை சீயர் என்ற பெயர் உண்டு.

ஆறாயிரப்படி

திருவாய்மொழிக்கு முதலில் எழுந்த எழுத்துவடிவ உரை, இராமானுசரின் ஆணையால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் எழுதிய ஆறாயிரப்படி. 32 எழுத்து கொண்டது ஒரு கிரந்தம். அந்தக் கணக்கில் 6,000 கிரந்தம் கொண்டதால் இப்பெயர். வடசொல்லும் தமிழும் கலந்த மணிப்பிரவாள நடையில் அமைந்த சுருக்கமான உரை இது. பெரும்பாலும் பாசுரத்தின் கருத்தைத் திரட்டிச் சொல்லும்; இராமானுசரின் வடமொழி நூல்களில் வரும் தொடர்கள் இடையிடையே ஒலிக்கும்.

இராமானுசர் தாமே ஏன் எழுதவில்லை என்பதற்கு மரபு சொல்லும் விளக்கம் குறிப்பிடத்தக்கது. அவர் எழுதினால் அதுவே பொருளின் எல்லை என்று பின்வருவோர் எண்ணிவிடுவர். மேலும் பொருள் காண எவரும் துணியார் என்று அவர் கருதினாராம். தமிழில் அவர் எதுவும் எழுதாததற்கு வேறு காரணங்கள் காட்டுவோரும் உளர்.

திருவரங்கக் காலட்சேபம்

இவ்வரலாற்றில் மிக விரிவான செய்திகள் கிடைப்பது 12, 13ஆம் நூற்றாண்டுத் திருவரங்கத்திலிருந்து. கூரத்தாழ்வான், அவர் மகன் பராசர பட்டர், பட்டரின் மாணவர் நஞ்சீயர், அவர் மாணவர் நம்பிள்ளை என்று தொடர் செல்கிறது.

கூரத்தாழ்வானின் பொருள்சொல்லும் முறைக்கு, பின்னாளில் எழுந்த ஈடு என்னும் உரையில் வரும் ஒரு செய்தி நல்ல எடுத்துக்காட்டு. எட்டாம் பத்தின் பாசுரம் ஒன்றில் அடியார்கள் சிறியராகவும் பெரியராகவும் ஒருசேரச் சொல்லப்படுகிறார்கள். ஒரே ஆள் சிறியவராகவும் பெரியவராகவும் எப்படி இருக்க முடியும் என்று சிறுவன் பட்டர் தந்தையைக் கேட்டார். ஆழ்வான் இலக்கணம் பேசவில்லை. உடலால் சிறியவராகவும் அறிவாலும் ஒழுக்கத்தாலும் பெரியவராகவும் அங்கிருந்த அடியார் சிலரைக் காட்டினார். சொல்லின் முரண் கண்ணெதிரே தீர்ந்தது. இன்றும் இப்பாசுரத்துக்குப் பொருள் சொல்பவர்கள் அந்தச் சிறுவனின் கேள்வியையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

வடமொழியில் விஷ்ணு சகசிரநாமத்துக்குப் பகவத்குண தர்ப்பணம் என்ற உரை கண்ட பட்டர், திருவாய்மொழிக்கு எழுத்தில் உரை செய்யவில்லை. ஆனால் பின்னாளைய உரைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் நிர்வாகங்களில் அவருடையவையும் அடங்கும்.

நஞ்சீயர் கருநாடகத்தின் திருநாராயணபுரப் பகுதியைச் சேர்ந்தவர். முன்பு அத்வைதியாக இருந்து பட்டரிடம் வாதில் தோற்று மாணவரானவர். தமிழ் அவருக்குக் கற்ற மொழி. அவர் எழுதிய ஒன்பதினாயிரப்படி, ஆறாயிரப்படியைவிட நெருக்கமாக மூலத்தைத் தொடர்கிறது.

இவ்வுரையைப் படியெடுக்க நல்ல கையெழுத்து உள்ளவர் ஒருவரை நஞ்சீயர் தேடியபோது, நம்பூர் வரதராசர் என்னும் இளைஞரைச் சுட்டினார்கள். ஓலைச்சுவடியைப் பெற்றுக்கொண்டு ஊருக்குப் போகும் வழியில் காவிரி பெருகியிருந்தது. சுவடிக்கட்டைத் தலையில் வைத்து நீந்தியபோது அலையொன்று அதை அடித்துக்கொண்டு போயிற்று. ஊர் சேர்ந்த வரதராசர், ஆசிரியரிடம் கேட்டிருந்ததை நினைவிலிருந்தே முழுவதும் எழுதினார். தமக்குத் தோன்றிய நுண்பொருள்களும் சில இடங்களில் சேர்ந்தன. ஏட்டைப் பார்த்த நஞ்சீயர் தாம் எழுதாதவை இருப்பதைக் கண்டு வினவ, நடந்ததை மாணவர் மறைக்காமல் சொன்னார். நஞ்சீயர் சினக்கவில்லை. அவரைத் தழுவி ‘நம் பிள்ளை’ என்று பெயரிட்டார். அப்பெயரே நிலைத்தது. இக்கதை உண்மையானால், இன்று கிடைக்கும் ஒன்பதினாயிரப்படியில் ஆசிரியர் குரல் எங்கே முடிகிறது, மாணவர் குரல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க வழியில்லை. பெயரிட்டுப் பொருள் சொல்லும் ஒரு மரபின் நடுவில் பெயர் பிரிக்க முடியாத ஓர் ஏடு இருப்பது கருதத்தக்கது.

நம்பிள்ளை திருவரங்கக் கோயிலில் செய்த காலட்சேபத்துக்கு, அதாவது பாசுரங்களுக்கு வாய்மொழியாகப் பொருள் விரித்துரைப்பதைக் கேட்க, கூட்டம் திரண்டது. கலைந்து செல்லும் திரளைக் கண்ட ஒருவர், இது நம்பெருமாள் புறப்பாட்டுக் கூட்டமோ நம்பிள்ளை கூட்டமோ என்று கேட்டதாகச் சொல்வர் (நம்பெருமாள் என்பது திருவரங்கக் கோயிலின் உலாத் திருமேனி). அக்கூட்டத்தில் அமர்ந்து கேட்ட இருவர் இருவேறு உரைகளைத் தந்தனர்.

பெரியவாச்சான் பிள்ளை ஆசிரியரின் ஆணை பெற்று இருபத்துநாலாயிரப்படி எழுதினார். திருவாய்மொழியோடு நில்லாமல் நாலாயிரம் முழுவதற்கும் உரை கண்டவர் இவர். வடக்குத்திருவீதிப் பிள்ளையோ பகலில் கேட்டதை இரவில் ஓலையில் பதித்துவந்தார். ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்த நம்பிள்ளை ஏட்டைக் கண்டார். சொன்னது சொன்னபடியே இருந்தது. ஆனால் ஆணை பெறாமல் எழுதியது. நம்பிள்ளை அதை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு ஈயுண்ணி மாதவரிடம் அது ஒப்படைக்கப்பட்டு, சில தலைமுறைகள் ஒருவர் ஒருவருக்கே சொல்லும் ஓராண்வழியாக வந்தது. ஏன் தடுத்தார் என்பதற்கு, ஆணையின்மை ஒரு காரணமாகவும், நேரில் கேட்டுப் பெற வேண்டியது ஏட்டில் எளிதாகக் கிடைத்துவிடும் என்ற கவலை மற்றொரு காரணமாகவும் சொல்லப்படும்.

வடக்குத்திருவீதிப் பிள்ளையின் அந்த ஏடே ஈடு முப்பத்தாறாயிரப்படி. ‘ஈடு’ என்ற பெயருக்கு ஒப்பு, கவசம், ஏட்டில் இட்டது எனப் பல விளக்கங்கள் உண்டு. எதுவும் முடிந்த முடிபாக ஏற்கப்படவில்லை.

உரைகளின் அளவே ஒரு வரலாறு. திருவாய்மொழியின் நூறு பதிகங்களில் பெரும்பாலானவை பலன் சொல்லும் பாசுரத்தோடு 11 பாசுரம் கொண்டவை. பன்னிரு திருநாமங்களைப் பாடும் ஒரு பதிகம் மட்டும் 13 கொண்டது. ஆக 1,102 பாசுரம். பிள்ளான் ஒரு பாசுரத்துக்குச் சராசரியாக ஐந்தரைக் கிரந்தம் எழுதினார். ஈடு ஏறத்தாழ 33 கிரந்தம் செலவிடுகிறது. இந்த ஆறு மடங்கு வளர்ச்சியில் பெரும்பங்கு நிர்வாகங்களும் ஐதிஹ்யங்களும் இதிகாச மேற்கோள்களும் ஆகும். முன்னோர் சொன்ன எதையும் கழிக்காமல் கூட்டிக்கொண்டே போனதன் விளைவு இது. மரபினர் ஆறாயிரத்தை விஷ்ணு புராணத்துக்கும், ஒன்பதினாயிரத்தை ஸ்ரீபாஷ்யத்துக்கும், இருபத்துநாலாயிரத்தை இராமாயணத்துக்கும், முப்பத்தாறாயிரத்தை ஸ்ரீபாஷ்யத்தின் உரையான சுருதப்பிரகாசிகைக்கும் அளவால் ஒப்பிடுவர்.

சுவாபதேசம்

ஆழ்வார் ஆணாக இருந்தும் தலைவியாகவும் தாயாகவும் தோழியாகவும் பாடுவதை எப்படிப் படிப்பது என்பது உரையாசிரியர்கள் முன் நின்ற பெருங்கேள்வி. நம்மாழ்வாரின் திருவிருத்தம் இதில் தனியிடம் பெறுகிறது. கட்டளைக் கலித்துறையில் அமைந்த நூறு பாசுரங்களில் முதலாவது பிறவி வேண்டாம் என்னும் நேரான விண்ணப்பம். இறுதிப் பாசுரம் நூற்பயன் சொல்லும். இடைப்பட்டவற்றில் பெரும்பாலானவை அகத்துறைப் பாட்டுகள். முதற்பாட்டின் விண்ணப்பமே உள்ளே தொடர்கிறது என்று கொண்ட உரையாசிரியர்கள் அந்யாபதேசத்தை முதலில் முறையாகச் சொல்லி, பிறகு சுவாபதேசத்துக்குச் சென்றனர். வெளிப்பொருளைத் தாண்டிக்கொண்டு உட்பொருளுக்குப் போவது அவர்கள் வழக்கமன்று.

வடக்குத்திருவீதிப் பிள்ளையின் மகனும் பிள்ளை உலகாசிரியரின் தம்பியுமான அழகிய மணவாளப் பெருமாள் நாயனார், ஆசார்ய ஹிருதயம் என்னும் நூலில் இப்பார்வைக்கு ஒழுங்கு வகுத்தார். அறிவு மேலோங்கும்போது ஆழ்வார் தம் குரலில் பேசுகிறார். காதல் மேலோங்கும்போது பெண் குரலில் பேசுகிறார் என்பது அவர் கொள்கையின் சாரம். தோழி, தாய், மகள் மூவரும் ஒரே உள்ளத்தின் மூன்று நிலைகள். இறைவனோடு உள்ள உறவை அறிந்த நிலை தோழி. அவனே வழி என்று துணிந்த நிலை தாய். அடையத் துடிக்கும் நிலை மகள். எட்டெழுத்தாகிய திருமந்திரத்தின் மூன்று சொற்களோடும் இவை இணைக்கப்படுகின்றன.

தூது செல்லும் பறவைகள் ஆசாரியர்கள். அறிவும் ஒழுக்கமும் அவர்களின் இரு சிறகுகள் என்பது சுவாபதேசங்களில் பரவலாக அறியப்பட்டது. ஒரு சிறகால் பறவை பறக்காது என்ற எளிய உண்மை இவ்விளக்கத்துக்கு வலிமை தருகிறது. மகள் அனுப்பும் பறவை முதலில் உண்மையான பறவையாக இருந்தால்தான் இது நிற்கும்.

திருப்பாவையில் ஆறு முதல் பதினைந்து வரையுள்ள பாட்டுகளில் எழுப்பப்படும் பத்துச் சிறுமியரை ஆழ்வார்கள் பதின்மராகக் காணும் வழக்கம் பிற்கால விளக்கங்களில் பரவியது. எந்தச் சிறுமி எந்த ஆழ்வார் என்ற வைப்பு விளக்கத்துக்கு விளக்கம் வேறுபடுவதும் உண்டு.

சுவாபதேசம் பாட்டிலேயே உள்ளதா, உரையாசிரியர் ஏற்றியதா என்பது இன்றளவும் தீராத கேள்வி. அகப்பாட்டின் மரபும் காதலின் வேகமும் சமயக் கோட்பாட்டுக்கு அடங்கிவிட்டன என்பர் தற்கால ஆய்வாளர் சிலர். ஆழ்வாரே திருப்பதிகளையும் திருநாமங்களையும் அகப்பாட்டினுள் வைத்திருப்பதால் உட்பொருளுக்கு வித்து மூலத்திலேயே உண்டு என்பர் மரபினர்.

பன்னீராயிரப்படி

உரைகள் பெருகிய நிலையில், சொல்லுக்குச் சொல் பொருள் தரும் பதவுரையாக எழுந்தது வாதிகேசரி அழகிய மணவாளச் சீயரின் பன்னீராயிரப்படி. திருவிருத்தத்துக்கு சுவாபதேசம் செய்தவரும் இவரே.

இவர் முதலில் பெரியவாச்சான் பிள்ளையின் மடைப்பள்ளியில் சமைத்தவர் என்றும், எழுத்தறியாதவர் என்றும் குருபரம்பரை கூறும். வித்துவான்கள் கூடிப் பேசுவதைக் கண்டு என்ன நூல் என்று அவர் கேட்க, ‘முசலகிசலயம்’ என்று அவர்கள் எள்ளினர். உலக்கைக் கொழுந்து என்பது அதன் பொருள். உலக்கை துளிர்க்காது; அப்படி ஒரு நூலும் இல்லை. அவர் அதை உண்மை என்று நம்பித் தம் ஆசிரியரிடம் சொல்ல, பெரியவாச்சான் பிள்ளை மனம் இரங்கி அவருக்கு எழுத்தும் நூல்களும் கற்பித்தார். வாதிகளுக்குச் சிங்கம் என்னும் பட்டம் பெறும் அளவுக்கு அவர் வளர்ந்தார். சொல் புரியாமல் நின்றவர் ஒருவரே பின்வருவோர் எவரும் அப்படி நிற்காதபடி திருவாய்மொழியின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதிவைத்தார் என்பது இவ்வரலாற்றில் மறக்கக் கூடாத செய்தி.

மணவாள மாமுனிகள்

1323இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியதில் காலட்சேப மரபு குலைந்தது. பிள்ளை உலகாசிரியர் நம்பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு தெற்கே போய் மதுரை அருகே மறைந்தார். நம்பெருமாள் திரும்பியது 1371இல்.

மணவாள மாமுனிகள் (1370–1443) ஈட்டைத் திருவாய்மொழிப் பிள்ளை வழியாகப் பெற்றார். திருவரங்கத்தில் நம்பெருமாள் முன்னிலையில் ஓராண்டுக் காலம், மற்ற உரைகளையும் துணைக்கொண்டு, ஈட்டை விரித்துரைத்தார். ஆனி மூலத்தன்று அது நிறைவுற்றபோது சிறுவன் ஒருவன் வந்து அவருக்குத் தனியன் என்னும் போற்றிச் செய்யுள் சொன்னதாக மரபு. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை செய்த உரையில் ஏறத்தாழ 400 பாசுரங்களுக்கு உரியது அழிந்துபோயிருந்தது. அழிந்த பகுதிக்கு மட்டும் மாமுனிகள் உரை எழுதி, பழைய உரை தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டார். ஆசார்ய ஹிருதயத்துக்கும் இவர் உரை உண்டு.

உரையாசிரியர்களையும் உரைகளையும் வரிசைப்படுத்தும் இவருடைய உபதேசரத்தினமாலையில் சொந்தக் கருத்து குறித்த பாட்டு ஒன்று வருகிறது. முன்னோர் சொன்னதை முறையாகக் கேட்டு ஆராய்ந்து பேசாமல், தம் நெஞ்சில் பட்டதைச் சொல்லி, இதுவே தூய மரபுவழி வந்த பொருள் என்று சாதிப்பவர்களை அது மூர்க்கர் என்கிறது. சொந்தப் பொருளையே இது விலக்குகிறது என்பது பொதுவான கருத்து. சொந்தப் பொருளுக்கு மரபின் பெயரைப் பொய்யாகச் சூட்டுவதையே கண்டிக்கிறது என்றும் கொள்ள இடமுண்டு. ஈடு முழுவதும் தனியாசாரியர் கருத்துகளைப் பெயர் சொல்லிக் காத்திருப்பதை நோக்கினால் இரண்டாவது பார்வைக்கும் வலுவுண்டு.

பிற்காலம்

மாமுனிகளுக்கு முன்பே வேதாந்த தேசிகர் (1268–1369) திருவாய்மொழியின் சாரத்தை வடமொழியில் திரமிடோபநிஷத் தாத்பர்ய ரத்னாவளியாகத் தந்தார். அவர் வழி வந்த வடகலை மரபு ஆறாயிரப்படியைப் போற்றி அதற்கு விரிவுரைகள் கண்டது. தென்கலை, வடகலைப் பிரிவு வலுப்பெற்றபின் பொருள் வேறுபாடு தனியாசாரியர் பெயரை விட்டுக் கலையின் பெயரோடு சேர்ந்தது. கீதையின் சரமசுலோகத்தில் எல்லாத் தருமங்களையும் விடுவது குறித்த சொல், விடு என்று விதிக்கிறதா, செய்ய இயலாது ஏற்கெனவே விட்டவனின் நிலையைச் சொல்கிறதா என்ற வாதம் இதற்கு எடுத்துக்காட்டு.

கோயிலில் அரையர் சேவை நிர்வாக மரபுக்கு வேறொரு வடிவம் தந்தது. திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களில் அரையர்கள் பாசுரத்தை இசைத்து, தம்பிரான்படி என்னும் உரையைச் சொல்லி, அபிநயம் பிடிக்கிறார்கள். ஒரே அடி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் கை வேறொரு பொருளைக் காட்டும்.

அச்சும் தற்காலமும்

1924 முதல் 1930 வரை சென்னையில் பத்துத் தொகுதிகளாக வந்த பகவத் விஷயப் பதிப்பு திருவாய்மொழி உரைகளை ஒருசேரப் படிக்க உதவியது. முன்பு ஏட்டில் மறைத்துவைக்கப்பட்ட ஈடு கடையில் வாங்கும் நூலாயிற்று. காஞ்சிபுரம் பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் (1891–1983) திவ்யார்த்த தீபிகை என்ற பெயரில் நாலாயிரத்துக்கும் எளிய தமிழில் உரை தந்தார். பு. ரா. புருஷோத்தம நாயுடு ஈட்டை மணிப்பிரவாளத்திலிருந்து தனித்தமிழுக்கு மாற்ற, சென்னைப் பல்கலைக்கழகம் அதைப் பத்துத் தொகுதிகளில் வெளியிட்டது. ஆறாயிரப்படியை ஆராய்ந்து ஜான் கார்மனும் வசுதா நாராயணனும் எழுதிய ஆங்கில நூல் 1989இல் வந்தது.

மார்கழி உபன்னியாசங்களிலும் ஒலி, காணொளிப் பதிவுகளிலும் சுவாபதேசம் இப்போது பெருவழக்கு. நேரமின்மையால் பதவுரையும் நிர்வாகம் சொன்னவர் பெயரும் அவற்றில் சுருங்குவதுண்டு. முறையான காலட்சேபம் நடக்கும் இடங்களில் பழைய ஒழுங்கு தொடர்கிறது. முதலில் பாசுரம், பிறகு பதவுரை, அதன்பின் நிர்வாகங்கள் ஒவ்வொன்றாக, சொன்னவர் பெயரோடு. திருமாலையாண்டான் நிர்வாகமும் அவ்வாறே வாசிக்கப்படுகிறது.